கிழிந்த காதுள்ள யானையை வரை

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய படங்களும் வந்து சேர்ந்தன. "எல்லாரும் வரைந்து தீர்த்த யானையை நான் வேறு எதற்கு வரையணும் அக்கா?" என்று கேட்டிருந்தாய். ஒட்டகச்சிவிங்கி, சிங்கம், வரிக்குதிரை எல்லாம் கரையில் போட்டு ஒரு பட்டு நெய்தால் நைரோபியில் இருக்கும் நம்மவர்கள் வாங்குவார்களா என்றும் கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள். அதனால் எழுதுகிறேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் இரண்டாவதற்கும் அதிலேயே பதில் வந்துவிடும்.

நீ வரையத்தான் வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

நம் கரையில் நடக்கும் யானை உனக்குத் தெரியும். எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்கும். தும்பிக்கை தூக்கியிருக்கும், முதுகில் துணி விரித்திருக்கும். முன்னால் போவதும் பின்னால் வருவதும் ஒரே அச்சு. அப்பா கிராப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பும்போது அவர் முன்னால் யானையா இருந்தது? தாத்தா போட்ட பழைய கிராப் இருந்தது. தாத்தாவுக்கு முன்னால், ஜக்கார்டு வராத, அடை கட்டி நெய்த காலத்துச் சேலைத் துண்டு ஒன்று இருந்திருக்கும். அன்னத்தை நம் தெருவில் யார் கண்டார்கள்? யாளியையும் இருதலைப்பட்சியையும் எந்தத் தெருவிலும் கண்டவர் இல்லை. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு வடிவத்தைத் தேய்த்துத் தேய்த்து எடுத்த அழகு அதில் இருக்கிறது. யாளி அப்படித்தான் வளர முடியும். ஆனால் யானை யாளி இல்லை. அது உயிரோடு இருக்கிறது. படத்தைப் பார்த்துப் படம், அந்தப் படத்தைப் பார்த்து இன்னொரு படம் என்று போகும்போது ஒவ்வொரு முறையும் அதன் உடம்பிலிருந்து ஏதோ ஒன்று காணாமல் போகிறது. இப்போது கம்ப்யூட்டரில் போடும் டிசைன்களில் யானையின் பின்னங்காலைப் பார். குதிரையின் கால் மாதிரி பின்பக்கம் உடைந்து நிற்கிறது. யானைக்குப் பின்கால் முட்டி நமக்கு மடங்குவது போல முன்பக்கம்தான் மடங்கும். வாங்குகிறவர்கள் கவனிப்பதில்லை, நெய்கிறவர்களும் கவனிப்பதில்லை. யானையை நேரில் பார்த்த கை அந்தத் தாளின் மேல் பட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

ஒரு காலத்தில் பட்டிருந்தது. நம் ஊரை ஆண்ட பல்லவர்களின் சிற்பிகள் மாமல்லபுரத்தில் பாறையில் வெட்டிய யானைகளை நினைத்துப் பார். அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தபசு என்றும் சொல்கிறோமே, அந்தப் பெரிய பாறையைத்தான் சொல்கிறேன். முன்னால் கொம்பன். அதன் பின்னால் பெண் யானை. கீழே காலடியில் குட்டிகள். அந்தக் கொம்பனின் பின்பாதி எவ்வளவு பாரமாகத் தரையில் ஊன்றியிருக்கிறது, தோல் எப்படித் தொங்குகிறது என்பதை யாரோ வாயால் சொல்லக் கேட்டு ஒருவர் வெட்டியிருக்க முடியாது. அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிந்துகொண்டிருக்கிறது. அப்பா நம்மை அங்கே கூட்டிப் போனபோது முதலில் காட்டியது அந்த மானைத்தான், ஞாபகம் இருக்கிறதா? "சாமியைச் செய்ய சாஸ்திரம் போதும், இந்த மானைச் செய்ய மானைப் பார்த்திருக்கணும்" என்றார். கொஞ்சம் தள்ளி, குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே பேன் பார்த்துக்கொள்ளும் குரங்குக் குடும்பம் தனிக்கல்லில் இருக்கிறது. அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வேலை.

இப்போது அதே பல்லவச் சிற்பிகளின் சிங்கத்தைப் பார். கைலாசநாதர் கோயில் உனக்கு வீட்டு முற்றம் மாதிரி. சுற்றிலும் எத்தனை சிங்கங்கள் பின்னங்காலில் எழுந்து நிற்கின்றன! 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் கட்டியது. வைகுண்டப் பெருமாள் கோயில் பிராகாரத்தில் தூணுக்குத் தூண் சிங்கம் உட்கார்ந்திருக்கிறது. கம்பீரம் உண்டு, அடுக்கு உண்டு. ஆனால் பிடரி சுருள் சுருளாக, கண் உருண்டையாக, எல்லாம் ஒரே முகம். தமிழ்நாட்டுக் காட்டில் சிங்கம் கிடையாது. அவர்கள் சிங்கத்தைக் கேள்விப்பட்டார்கள், யானையோடு வாழ்ந்தார்கள். இரண்டும் பல்லவர் காலத்து உளிதான். கேட்ட மிருகம் ராஜாவின் சின்னமாக ஆனது. கண்ட மிருகம் கல்லில் மூச்சு விடுகிறது.

இதை நான் முழுசாகப் புரிந்துகொண்டது மாமல்லபுரத்தில் இல்லை, பெங்களூரில். 2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் சேலை கொடுக்கப் போனபோது லால்பாக்கில் யானைகளைப் பார்த்தேன். உண்ணிச்செடிக் குச்சியில் செய்த யானைகள். நம் ஊரில் வேலி ஓரமாகக் கொத்துக் கொத்தாக மஞ்சளும் சிவப்புமாகப் பூக்குமே, அதுதான். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வெள்ளைக்காரர்கள் தோட்டத்தில் அழகுக்கு வைக்க அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த செடி. இன்றைக்கு நம் நாட்டில் புலி நடமாடும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல் அது பரவியிருப்பதாக 2020-இல் வந்த ஆய்வு சொன்னது. அது மண்டிய இடத்தில் புல் வராது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் யானைக்கும் என்ன இருக்கும்?

அந்தச் செடியை வெட்டி, பெரிய அண்டாவில் வேகவைத்து, தோலை உரித்து, ஈரம் காய்வதற்குள் வளைத்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் ஆணி அடித்து யானை செய்கிறார்கள். செய்கிறவர்கள் நீலகிரி, கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள். பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர். தி ரியல் எலிஃபன்ட் கலெக்டிவ் என்பது அவர்கள் வேலை செய்யும் அமைப்பின் பெயர். சுப்ரா நாயர் என்ற ஓவியர் உருவங்களை வடிவமைத்திருக்கிறார். யானை உண்மையில் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிது. எனக்கு உடம்பு சிலிர்த்தது அதனால் இல்லை. அங்கே நின்ற யானைகளில் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒவ்வொன்றும் கூடலூர்ப் பக்கம் உயிரோடு நடமாடும் ஒரு யானையைப் பார்த்துச் செய்ததாம். ஒன்று தலையைத் தாழ்த்திச் சந்தேகமாகப் பார்க்கிறது. ஒன்றுக்கு நெற்றிமேடு அதிகம். குட்டி ஒன்று எதையோ கண்டு தயங்கி நிற்கிறது. குச்சிகள் சதை ஓடும் திசையிலேயே ஓடுகின்றன. தோளிலிருந்து கால் இறங்கும் இடத்தில் குச்சியை எப்படி வளைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பாவு நூலைத் தடவிப் பார்த்துப் பழகிய கையல்லவா, எனக்குத் தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது.

நீ ஒன்றை யோசித்துப் பார். கூடலூர், பந்தலூர் பக்கம் யானை என்பது ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கும் காட்சி இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் வீட்டுக் கொல்லைக்கும் வருகிற உயிர். விடியற்காலையில் கதவைத் திறக்கும் முன் வெளியே சத்தம் இருக்கிறதா என்று காதுகொடுத்துக் கேட்கிற ஊர். யானை அடித்து ஆள் செத்த செய்தி அங்கிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த மக்கள்தான் அந்த யானையை இவ்வளவு மரியாதையாகச் செய்திருக்கிறார்கள். கொஞ்சிக் குழைந்து செய்யவில்லை, பூதமாகவும் ஆக்கவில்லை. பயம் தெரிந்த கையின் அன்பு அது. ஓவியக் கல்லூரியில் உனக்கு எத்தனையோ கற்றுத் தந்தார்கள், இதை எந்த வகுப்பில் கற்றுத் தர முடியும்?

2021-இல் லண்டன் பூங்காக்களில் இந்த யானைகள் நின்றன. 2024 ஜூலையில் நூறு யானைகள் அமெரிக்காவில் நியூபோர்ட் கடற்கரையில் இறங்கி, நியூயார்க், மயாமி, ஹூஸ்டன் என்று ஊர் ஊராகப் போயின. விற்கும் பணம் மனிதரும் விலங்கும் சேர்ந்து வாழும் வேலைகளுக்குப் போகிறது. தமிழ்நாட்டு மலைக்காட்டு யானை நியூயார்க் தெருவில் நின்றதை நம் ஊரில் எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

அதே மலையில் கோத்தகிரிப் பக்கம் வெள்ளரிக்கொம்பையில் ஆலுக்குறும்பர்களின் ஓவியம் இருக்கிறது. அங்கே எழுத்துப்பாறை என்ற பாறையில் பழைய ஓவியங்கள் உண்டு. வேங்கை மரத்துப் பிசினும் இலைச்சாறும்தான் நிறம். மறைந்த கிருஷ்ணன் என்பவர் அந்த மரபைத் தாளிலும் துணியிலும் வரைந்து வெளியே கொண்டுவந்தார். செங்குத்துப் பாறையில் தொங்கித் தேன் எடுக்கும் ஆட்கள், சுற்றிலும் பறக்கும் தேனீக்கள். காட்டைத் தூரத்திலிருந்து பார்த்து வரைந்த படத்தில் மனிதர் இருக்க மாட்டார். உள்ளே இருந்து வரைந்ததில் மனிதர் நடுவில் இருக்கிறார். ஒரு படத்தை எடுத்ததும் நான் இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

இனி நீ இருக்கும் கென்யாப் பக்கத்துக்கு வருகிறேன். நீ எழுதியிருந்த அந்த வருத்தம், "நான் இங்கே வேலைக்கு வந்தவரோடு வந்தவள், காட்டில் பிறந்தவள் இல்லை, வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அது நியாயமான கேள்வி. ஆனால் ஆப்பிரிக்க மிருகங்களை வரைந்து பேர் வாங்கியவர்களில் வெளியிலிருந்து போனவர்களும் நிறைய உண்டு. ஜாய் ஆடம்சன் 1937-இல் கென்யாவுக்கு வந்தவர். முதலில் வரைந்தது பூக்கள், பிறகு அங்குள்ள மக்களின் உருவங்கள். எல்சா என்ற பெண் சிங்கத்தை வளர்த்துக் காட்டில் விட்ட பிறகுதான் உலகம் அவரைப் புத்தகம் எழுதியவராக அறிந்தது. டேவிட் ஷெப்பர்டின் கதை இன்னும் எனக்குப் பிடிக்கும். 1949-இல் இங்கிலாந்திலிருந்து கென்யாவுக்கு வனக்காவலர் வேலை தேடிப் போனார். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். ஓவியம் கற்று, விமானப் படங்கள் வரைகிறவராக 1960-இல் திரும்பவும் ஆப்பிரிக்கா போனார். அந்தப் பயணத்தில்தான் மிருகங்களை வரைய ஆரம்பித்தார். விஷம் வைத்த நீர்நிலையைச் சுற்றி 255 வரிக்குதிரைகள் செத்துக் கிடந்ததைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வெறும் ஓவியராக இருக்கவில்லை. படம் விற்ற பணத்தைக் காட்டுயிர்களுக்கு என்று கொடுத்தார். நம் நாட்டில் 1973-இல் புலிகளைக் காக்கும் திட்டம் தொடங்கிய சமயத்தில் அவர் வரைந்த புலி ஓவியம் ஒன்று ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டித் தந்தது. அவருடைய யானைப் படங்களில் தூசியும் வெயிலும் எனக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியும். ஆனால் அந்தச் செத்த வரிக்குதிரைகளைப் பார்த்து அவர் எடுத்த முடிவை நான் மதிக்கிறேன்.

நான் உன்னைப் பார்க்கச் சொல்வது இவர்களை விட டிங்காடிங்காவை. எட்வர்ட் சைதி டிங்காடிங்கா. பக்கத்து நாடு தான்சானியாவின் தெற்குக் கிராமத்திலிருந்து பிழைப்பு தேடி தார் எஸ் சலாமுக்கு வந்த ஏழை. 1968 வாக்கில் வரையத் தொடங்கினார். கான்வாஸ் வாங்கக் காசில்லை, சதுரமாக வெட்டிய ஹார்டுபோர்டு. நிறத்துக்குச் சைக்கிளுக்கு அடிக்கும் எனாமல் பெயின்ட். சிறுத்தை, யானை, பறவை என்று பலகை முழுக்க ஒரே மிருகம் நிறைந்து நிற்கும். 1972-இல் போலீஸார் ஆள் தெரியாமல் சுட்டதில் செத்துப்போனார். நாலைந்து வருஷம்தான் வரைந்தார், இன்றைக்கும் அவர் பேரிலேயே ஒரு பாணி நடக்கிறது. ஆனால் அதே பாணியில் வரிசை வரிசையாகக் கடைகளில் தொங்குவதைப் பார்த்திருப்பாய். அவர் தன் ஊரை நினைவிலிருந்து வரைந்தார். பின்னால் வந்தவர்களில் பலர் அவர் பலகையைப் பார்த்து வரைகிறார்கள். நம் கரை யானைக்கு நடந்ததுதான் அங்கேயும் நடக்கிறது.

அதனால் அம்போசெலி தேசியப் பூங்காவுக்குப் போவதை நிறுத்தாதே. வேறு வேறு காடுகளைச் சுற்றிப் பார்க்கும் பணத்தில் அதே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போ. அங்கே சிந்தியா மாஸ் 1972-இல் தொடங்கிய ஆய்வில் யானைகளைக் காதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். எங்கே கிழிந்திருக்கிறது, எங்கே ஓட்டை, நரம்பு எப்படி ஓடுகிறது என்று. ஒரு குடும்பத்து யானைகளுக்கெல்லாம் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர். எக்கோ என்ற கிழவி தன் கூட்டத்தை எத்தனையோ வருஷம் நடத்திக்கொண்டு போய் 2009-இல் இறந்தாள். அவளுக்கு 1990-இல் பிறந்த குட்டிக்கு முன்னங்கால் நிமிரவில்லை. கூட்டம் போய்விட்ட பிறகும் அவள் அதை விட்டுப் போகாமல் நின்றாள். சில நாளில் குட்டி கால் ஊன்றி நடந்தது. இப்படி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அறிந்த பிறகு "யானை" என்று பொதுவாக ஒன்றை வரைய யாருக்காவது கை வருமா? விஞ்ஞானிகள் செய்வதும் கூடலூர் மக்கள் செய்வதும் எனக்கு ஒரே வேலையாகத் தெரிகிறது. இன்ன யானை என்று பார்ப்பது.

நீ அனுப்பியதில் சிங்கம் நன்றாக வரவில்லை. அக்கா சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. அது போட்டோவைப் பார்த்துப் போட்டது, கண்ணிலேயே தெரிகிறது. ஒட்டகச்சிவிங்கியும் அப்படித்தான். ஆனால் ஒரு பெண் யானை, இடது காது கீழ்ப்பக்கம் கிழிந்தது, வலது முன்காலை லேசாகத் தூக்கி நிற்கிறதே, பென்சிலில் அவசரமாகப் போட்டது, ஓரத்தில் மண் கறை கூட இருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் பேசத் தோன்றவில்லை. அதை நான் நெய்ய வேண்டும்.

ஆகவே ஒட்டகச்சிவிங்கிப் பட்டு வேண்டாம். விற்கும், அதில் சந்தேகம் இல்லை. நம் ஊரிலேயே கல்யாணப் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளை முகத்தையும் முந்தியில் போட்டுக் கொடுக்கிறார்கள். வெள்ளி விலை ஏறி ஜரிகை கைக்கு எட்டாமல் போகும் காலத்தில் வருகிற வேலையை விடக் கூடாது என்று நீயும் சொல்வாய். எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் கோர்வைக் கரை போட்டு, இரண்டு பேர் தறியில் உட்கார்ந்து நெய்யும் சேலையில், பார்க்காத மிருகத்தை இன்னொரு முறை நகல் எடுத்துப் போட எனக்கு மனசு இல்லை. அந்தக் கிழிந்த காதுக்காரியைப் போட மனசு இருக்கிறது.

தறிக்கு வரும்போது பென்சில் கோட்டில் பாதி போய்விடும், அது உனக்குத் தெரியும். 240 கொக்கி ஜக்கார்டு பெட்டியில் அகலத்துக்கு 240 கட்டம்தான். ஜரிகையில் வளைவெல்லாம் படிப்படியாக உடையும். தோல் சுருக்கம் வராது, கண்ணுக்கு இரண்டு மூன்று கட்டம் கிடைத்தால் பெரிது. எது போனாலும் போகட்டும், நான்கு விஷயம் மட்டும் போகவிட மாட்டேன்: காதின் கிழிசல், தூக்கிய முன்கால், முன்பக்கம் மடங்கும் பின்முட்டி, முதுகு. உங்கள் ஊர் யானைக்கு முதுகு நடுவில் பள்ளம், நம் யானைக்கு மேடு. "முதுகு தப்பா இருக்கே" என்று இங்கே கேட்பார்கள். இது ஆப்பிரிக்க யானை, என் தங்கச்சி நேரில் பார்த்து வரைந்தது என்று சொல்வேன். பெண் யானைக்குக் கொம்பு ஏன் என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது, அங்கே பெண்ணுக்கும் உண்டு.

பட்டில் ஒரே யானையைத் திரும்பத் திரும்பப் போட்டால் மறுபடியும் அச்சு ஆகிவிடுமே என்று கேட்பாய். அதையும் யோசித்தேன். கரையில் வேண்டாம். முந்தியில் மட்டும் ஒரு கூட்டம், ஒவ்வொன்றும் வேறு. ஜக்கார்டு அட்டை அதிகம் குத்த வேண்டி வரும். வரட்டும். அந்தச் செலவை நான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசிவிட்டேன், தன் தறியில் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். உடல் செம்மண் நிறத்தில் சாயம் போடச் சொல்ல நினைக்கிறேன், நீ எழுதிய அந்த அம்போசெலித் தூசியின் நிறம் என்ன என்று சரியாகச் சொல்.

அதனால் அடுத்த முறை போகும்போது அந்தக் கூட்டத்தையே தேடிப் பிடி. கிழிந்த காதுக்காரியோடு நடப்பவர்கள் யார் யார், அவள் குட்டி எது, யார் முன்னால் போகிறார்கள் என்று பார்த்து, ஒவ்வொன்றையும் பக்கவாட்டில் தனித்தனியாக வரை. போட்டோ எடுக்காதே என்று சொல்ல மாட்டேன், ஆனால் போட்டோவைப் பார்த்து வரையாதே. தாளின் பின்பக்கம் அன்றைக்கு அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுது. மழை முடிவதற்குள் படங்கள் என் கைக்கு வந்தால் ஆவணிக்குள் கிராப் போட்டு அட்டை குத்தக் கொடுத்துவிடலாம். தாமதம் செய்யாதே.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா